கைக்குள் வந்த உயிர்

இத்தாலி நாட்டில் ரியேத்தி என்னும் ஊரையடுத்த ஏரியில் பிரான்சிஸ் அசிசியார் ஒரு நாள் படகில் அமர்ந்திருந்தார். மீனவர் ஒருவர் அப்போதுதான் பிடித்த பெரியதொரு மீனை அன்போடு அவரிடம் நீட்டினார். டென்ச் என்று வழங்கும் நன்னீர் மீன் அது. அசிசியார் அதை மகிழ்ச்சியுடன் வாங்கிக்கொண்டார். சகோதரனே என்று அதனை அழைத்தார். படகின் ஓரமாக மீண்டும் தண்ணீருக்குள் விட்டார். பின்பு ஆண்டவரின் திருப்பெயரைப் போற்றிச் செபிக்கத் தொடங்கினார். செபம் முடியுமட்டும் அந்த மீன் படகைவிட்டு அகலாமல் அருகிலேயே விளையாடிக்கொண்டிருந்ததாம். அவர் விடைகொடுத்த பின்னரே அது சென்றதாம்.

இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தவர் செலானோ ஊர்த் தோமா. அசிசியார் இறந்தது 1226இல். அவர் புனிதராக உயர்த்தப்பட்டது 1228இல். அதனையொட்டித் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியாரின் பணிப்பின்பேரில் எழுதப்பட்ட முதல் வரலாற்றிலேயே இது இடம்பெற்றுள்ளது. வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் பிடிபட்ட மீன்களை உயிரோடு நீரில் விட்டுவிடுவதும், இனியொரு முறை அகப்படாமல் எச்சரிக்கையாய் இருங்கள் என்று அவற்றுக்குச் சொல்வதும் அவருடைய வழக்கம் என்றும் தோமா குறிப்பிடுகிறார்.

புனிதர் வரலாறுகளில் வரும் இனிய கதைகளுள் ஒன்றாக இதனை எண்ணி நாம் கடந்துவிடுகிறோம். ஆயினும் இன்று மேலைநாட்டு மலையாறுகளின் கரையில் இதே செயல் நாள்தோறும் பல்லாயிரம் முறை நிகழ்கிறது. ட்ரவுட் என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர், பிடித்த மீனைக் கையில் ஏந்தி, முள்ளை விலக்கி, மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர். அது வெறும் பழக்கமன்று. பல இடங்களில் சட்டமும் ஆகும். அசிசியார் செய்ததும் இவர்கள் செய்வதும் ஒன்றுதானா? வெளித்தோற்றத்தில் ஒன்றே போலிருக்கும் இவ்விரு செயல்களுக்கும் இடையே ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. அந்த இடைவெளியில் மனிதனின் கையும் மனமும் கற்றுக்கொண்டது என்ன என்று வரலாற்றின் துணையோடு சற்றே நோக்குவோம்.

கன்னியர் மடத்தின் பெயரால் ஒரு நூல்

இங்கிலாந்து கத்தோலிக்க நாடாக இருந்த காலம். 1496ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வோர்ட் என்னும் அச்சாளர் ஒரு பெருநூலை வெளியிட்டார். வேட்டை, வல்லூறு வளர்த்தல், குலச் சின்னங்கள் முதலியவை பற்றிப் பத்தாண்டுகளுக்கு முன் வெளிவந்த செயின்ட் ஆல்பன்ஸ் நூலின் மறுபதிப்பு அது. அதில் புதிதாக ஒரு பகுதி சேர்க்கப்பட்டிருந்தது. தூண்டில்கொண்டு மீன்பிடிப்பது எவ்வாறு என்று விளக்கும் சிறு நூல் அது. ஆங்கில மொழியில் இப்பொருள் பற்றி அச்சேறிய முதல் நூல் இதுவே. செயின்ட் ஆல்பன்ஸ் அருகிலிருந்த சோப்வெல் கன்னியர் மடத்தின் தலைவியாகிய ஜூலியானா பெர்னர்ஸ் என்பவரே இதனை எழுதினார் என்பது நெடுநாளைய மரபு. வரலாற்றறிஞர்கள் இதனை உறுதியாக ஏற்பதில்லை. எழுதியவர் யாராயினும், அந்நூலில் வீசும் காற்று மடத்துத் தோட்டத்துக் காற்றேயாகும்.

வெள்ளிக்கிழமைகளிலும் தவக்காலத்திலும் புலால் விலக்கிய அக்காலக் கிறிஸ்தவர்களுக்கு மீன் என்பது நோன்பு நாளின் உணவு. ஆகவே மீன்பிடித்தலும் செபமும் தொலைவில் இருக்கவில்லை. கோலைச் செய்வது எப்படி, குதிரைவால் மயிரால் கயிறு திரிப்பது எப்படி, ஊசியைக் காய்ச்சி வளைத்து முள்ளாக்குவது எப்படி என்றெல்லாம் அந்நூல் பொறுமையாகச் சொல்லித்தருகிறது. இறகும் கம்பளி நூலும் கொண்டு பன்னிரண்டு வகைச் செயற்கை ஈக்களைக் கட்டும் முறையையும் மாதவாரியாகக் காட்டுகிறது. ட்ரவுட் மிகச் சுவையான மீன், தூண்டிலை ஆவலோடு கவ்வும் மீன் என்று புகழ்ந்து, மார்ச் மாதம் முதல் செப்டம்பர் 29இல் வரும் அதிதூதர் மிக்கேல் திருநாள்வரை அதற்குரிய பருவம் என்கிறது. ஆற்றின் நாட்காட்டியும் திருச்சபையின் நாட்காட்டியும் ஒன்றாகவே ஓடிய காலம் அது.

நூலின் இறுதிப் பகுதியே நம் சிந்தனைக்கு உரியது. மீன்பிடிப்போன் கடைப்பிடிக்க வேண்டிய ஒழுங்குகள் அங்கே வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஏழையின் தனிக் குளத்தில் அவனுடைய அனுமதியின்றித் தூண்டில் போடலாகாது. வேலியை முறிக்கலாகாது, திறந்த படலை மூடாமல் போகலாகாது. பணம் சேர்க்கும் ஆசையால் இதனைச் செய்யாமல், உடல்நலத்துக்காகவும் குறிப்பாக ஆன்ம நலத்துக்காகவும் செய்ய வேண்டும். பலரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். தனித்திருந்தால் வழக்கமான செபங்களை மனம் ஒன்றிச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே சமயத்தில் அளவுக்கு மீறி மீன்களை எடுக்கும் பேராசை கூடாது. போதுமான அளவு கிடைத்ததும் அன்றைக்கு அதற்கு மேல் விரும்பலாகாது.

பாலைநிலத்தில் மன்னா பொழிந்தபோது இஸ்ரயேல் மக்கள் அன்றன்றைக்குத் தேவையானதை மட்டுமே சேர்க்கும்படி பணிக்கப்பட்டனர். மிகுதியாகச் சேர்த்து வைத்தது புழுத்து நாறியது என்று விடுதலைப் பயண நூல் கூறுகிறது. அந்தப் பழைய பாடத்தையே இந்நூல் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு சொல்கிறது எனலாம். இன்னொரு செய்தியும் அதில் உண்டு. இச்சிறு பகுதியைத் தனியே மலிவாக வெளியிட்டால் பொறுப்பற்றவர்கள் கையில் அது சிக்கி, அவர்கள் மீன்வளத்தையே அழித்துவிடக்கூடும். ஆதலால்தான் பெரிய நூலோடு சேர்த்து அச்சிட்டிருக்கிறோம் என்று அதுவே விளக்குகிறது. அறிவைக் கொடுக்கும்போதே அந்த அறிவு என்ன செய்துவிடுமோ என்று அஞ்சிய உள்ளம் அது. ஏழை எளியோரை ஐயுற்ற மேட்டிமையும் அதில் கலந்தே இருக்கிறது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

1537இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் சோப்வெல் மடம் கலைக்கப்பட்டது. மடம் போயிற்று, 'போதும்' என்ற அந்தச் சொல் மட்டும் நூலில் எஞ்சி நின்றது.

தவளையும் கவிஞனும்

அடுத்து நாம் சந்திக்க வேண்டியவர் ஐசக் வால்டன். 1593இல் பிறந்து 1683வரை வாழ்ந்த இவர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த பக்தியுள்ள வணிகர். உள்நாட்டுப் போரால் இங்கிலாந்து நொந்துபோயிருந்த 1653ஆம் ஆண்டில் இவர் வெளியிட்ட மீன்பிடிப்பு நூல் உலகப் புகழ் பெற்றது. திருத்தூதர்களுள் நால்வர் மீனவர்களாய் இருந்ததை அவர் மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார். அமைதியாய் வாழக் கற்றுக்கொள்ளுங்கள் என்னும் பவுலடியாரின் அறிவுரையோடு நூலை முடிக்கிறார். 1676இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அவருடைய நண்பர் சார்லஸ் காட்டன், தெளிந்த ஓடைகளில் செயற்கை ஈயைக் கொண்டு ட்ரவுட் பிடிக்கும் முறையை விரிவாக எழுதிச் சேர்த்தார்.

இத்தகைய சாந்தமான நூலில் ஓரிடம் படிப்பவரைத் திடுக்கிடச் செய்கிறது. பைக் என்னும் பெரிய மீனைப் பிடிக்க உயிருள்ள தவளையை முள்ளில் கோக்கும் முறையை வால்டன் சொல்கிறார். முள்ளைத் தவளையின் வாய்வழியே செலுத்திச் செவுள்வழியே எடுத்து, காலை நூலால் தைத்துக் கட்ட வேண்டும். அவ்வாறு செய்யும்போது தவளையை நேசிப்பவர்போலக் கையாளுங்கள் என்கிறார். ஏன்? அப்போதுதான் அது நெடுநேரம் உயிரோடிருந்து இரையாகப் பயன்படும்!

வால்டன் கொடியவர் அல்லர். தம் கை செய்வதை அவர் உற்றுப் பார்க்கவில்லை, அவ்வளவே. நூற்றெழுபது ஆண்டுகள் கழித்துக் கவிஞர் பைரன் அவரைக் கடுமையாகச் சாடினார். அந்தக் கிழவருடைய தொண்டையிலேயே ஒரு முள்ளை மாட்டி, சிறியதொரு ட்ரவுட் மீன் அதைப் பிடித்திழுக்க வேண்டும் என்று தம் காவியமொன்றில் எழுதினார். கவிஞரின் கோபம் மிகையாக இருக்கலாம். எனினும் ஒரு கேள்வி அங்கே பிறந்துவிட்டது. நம் பயனுக்காக ஓர் உயிரிடம் காட்டும் மென்மை இரக்கமாகுமா? இக்கேள்வியை நாம் கையோடு எடுத்துச் செல்வோம், பின்னர் தேவைப்படும்.

தீர்த்தம் என்று பெயர்பெற்ற ஆறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சி அமெரிக்காவுக்கு மாறுகிறது. மிச்சிகன் மாநிலத்தில் ஆசபிள் என்னும் ஆறு உண்டு. மணற்படுகையினூடே குளிர்ந்த ஊற்றுநீர் ஓடும் அழகிய ஆறு. ட்ரவுட் இனத்துக்கு உறவுடைய கிரேலிங் என்னும் மீன் அங்கே கணக்கின்றி வாழ்ந்தது. ஆற்றங்கரை ஊருக்கே கிரேலிங் என்று பெயரிட்டனர். இரயில் பாதை வந்ததும் நகரத்தார் கூட்டம் கூட்டமாக வந்தனர். பிடித்த மீன்கள் பெட்டி பெட்டியாகச் சிக்காகோ போன்ற நகரங்களுக்குச் சென்றன. அதே காலத்தில் கரையோரத்துப் பைன் காடுகள் வெட்டப்பட்டன. மரக்கட்டைகளை ஆற்றிலேயே மிதக்கவிட்டு அனுப்பினர். அவை உருண்டோடி, மீன்கள் முட்டையிடும் கூழாங்கற் படுகைகளைச் சிதைத்தன. நிழலிழந்த நீர் வெப்பமேறியது. 1930களுக்குள் மிச்சிகனில் கிரேலிங் மீன் அறவே அற்றுப்போயிற்று. ஊரின் பெயர் இன்றும் கிரேலிங்தான், மீன்தான் இல்லை.

அழிந்த இடத்தை நிரப்ப வேறு மீன்களைக் கொண்டுவந்தனர். 1884இல் ஜெர்மனியிலிருந்து வந்த பழுப்பு ட்ரவுட் குஞ்சுகள் மிச்சிகன் ஆறொன்றில் விடப்பட்டன. பின்னர் பொரிப்பகங்கள் பெருகின. தொட்டியில் வளர்த்த மீனை வண்டியில் கொணர்ந்து ஆற்றில் கொட்டுவதும், மறுவாரமே அதைப் பிடித்துத் தீர்ப்பதுமாகக் காலம் ஓடியது. ஆற்றைக் காப்பதைவிட மீனை நிரப்புவது எளிதாகத் தோன்றியது.

இந்நிலையில் 1939ஆம் ஆண்டு லீ வுல்ஃப் என்பவர் நன்னீர் மீன்பிடிப்பு பற்றி எழுதிய கைந்நூலில் புதியதொரு கருத்தை முன்வைத்தார். தூண்டிலோடு போராடும் நல்ல மீன், ஒரே ஒரு முறை மட்டும் பிடிபட்டு முடிந்துபோவதற்கு மிகவும் விலையுயர்ந்தது என்பதே அக்கருத்து. பிடித்தவன் அதைத் திருப்பி விட்டால் இன்னொருவனுக்கும் அந்த இன்பம் கிட்டும். அன்று பலருக்கு இது வேடிக்கையாகப் பட்டது. 1959இல் அதே ஆசபிள் ஆற்றங்கரையில் சிலர் கூடி, பொரிப்பகத்து மீன்களை நம்பியிராமல் இயற்கையில் பிறந்து வளரும் ட்ரவுட்டையும் அதன் ஆற்றையும் காக்க வேண்டும் என்று உறுதிபூண்டு 'ட்ரவுட் அன்லிமிட்டெட்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். 1974இல் மொன்டானா மாநிலம், காட்டு ட்ரவுட் வாழும் ஆறுகளில் பொரிப்பக மீன்களைக் கொட்டுவதையே நிறுத்தியது. வளர்ப்பு மீன்களைக் கொட்டக் கொட்ட இயற்கை மீன்கள் குறைகின்றன என்பதை அங்குள்ள மாடிசன் ஆற்றில் செய்த ஆய்வு காட்டியிருந்தது.

ஆசபிள் ஆற்றில் ஏறத்தாழ எட்டு மைல் நீளமுள்ள ஒரு பகுதிக்கு மக்கள் இட்ட பெயர் 'தீர்த்தம்' என்று நாம் மொழிபெயர்க்கத்தக்கது. கோயில் வாயிலில் நாம் விரல் நனைத்துச் சிலுவை வரைந்துகொள்ளும் அதே புனித நீரின் பெயர். அங்கே செயற்கை ஈயைக் கொண்டு மட்டுமே மீன்பிடிக்கலாம். பிடித்த ட்ரவுட் ஒவ்வொன்றையும் மீண்டும் விட்டுவிட வேண்டும். ஓர் இனம் முழுவதையும் அழித்த ஆற்றிலேயே இவ்வொழுங்கு வேரூன்றியது. ஊர் முழுவதும் சேர்ந்து செய்த பாவப் பரிகாரம் என்று இதனை நினைக்க நமக்குத் தோன்றுகிறது.

கை கற்றுக்கொண்ட பாடம்

விட்டுவிட்டால் மட்டும் மீன் பிழைத்துவிடுமா? நீந்திப் போய்விட்டதே என்று மனிதன் மகிழ்ந்து திரும்புகிறான். ஆனால் ஆற்றின் அடியில் சில மணி நேரம் கழித்து அது மடிந்துபோனால் அவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்குத் தெரியாத இந்தச் சாவை அறிவியல் எண்ணிக் காட்டியது.

1992இல் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் வானவில் ட்ரவுட் மீன்களைக் கொண்டு ஓர் ஆய்வு செய்தனர். தூண்டிலில் மாட்டிப் போராடும் மீன்போல அவற்றை ஏறத்தாழ 10 நிமிடம் விரட்டிக் களைப்படையச் செய்தனர். அவ்வாறு களைத்து நீரிலேயே விடப்பட்டவற்றுள் 12 மணி நேரத்துக்குப் பின் நூற்றுக்கு 88 உயிரோடிருந்தன. களைத்தபின் 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் நூற்றுக்கு 62 பிழைத்தன. ஒரு முழு நிமிடம் காற்றில் வைக்கப்பட்டவற்றுள் பிழைத்தவை நூற்றுக்கு 28 மட்டுமே. இது ஆய்வுக்கூடத்துக் கணக்கு; ஆற்றில் நிலைமை எப்போதும் இவ்வளவு கடுமையாய் இருப்பதில்லை. ஆயினும் ஒரு புகைப்படத்துக்காக மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கும் அந்த ஒரு நிமிடத்தின் விலை என்ன என்பதை அது உணர்த்திவிட்டது.

காரணம் எளிது. மீனின் செவுளில் மிக மெல்லிய இதழ்கள் அடுக்கடுக்காக உள்ளன. நீரில் அவை விரிந்து நின்று பிராணவாயுவை வாங்குகின்றன. காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஓடிக் களைத்து, தசையெல்லாம் அமிலம் ஏறி, மூச்சு மிகமிகத் தேவைப்படும் நேரத்தில் அதன் மூச்சை நாம் நிறுத்திவிடுகிறோம். மைல்கணக்கில் ஓடிவந்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துவதற்கு இது ஒப்பாகும்.

ஆகவே பொறுப்புள்ள தூண்டிற்காரர்களிடையே சில ஒழுங்குகள் உருவாயின. மீனை நெடுநேரம் அலைக்கழிக்காமல் விரைவில் கரைசேர்க்க வேண்டும். அதற்கேற்ற வலுவான கயிறு வேண்டும். மாட்டியதை வெளிவராமல் தடுக்கும் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளே நல்லது. இருக்குமாயின் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிடலாம். முடிச்சிட்ட கரடான வலைக்கு மாறாக, மிருதுவான இரப்பர் கைவலை வேண்டும். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். மீனின் உடலை மூடியிருக்கும் வழும்பு, நோய்க்கிருமிகளிலிருந்து அதைக் காக்கும் கவசம். உலர்ந்த கை அந்தக் கவசத்தை உரித்தெடுத்துவிடும். வயிற்றை அழுத்தலாகாது, செவுளுக்குள் விரலை விடலாகாது, மணலிலும் பாறையிலும் போட்டுப் புரட்டலாகாது. முள்ளை நீருக்குள் வைத்தே கழற்ற வேண்டும். முள் தொண்டைக்குள் ஆழமாகச் சென்றிருந்தால் பிடுங்காமல், கயிற்றை வாயருகே அறுத்துவிடுவதே மேல். களைத்த மீனை நீரோட்டத்துக்கு எதிர்முகமாக மெல்லத் தாங்கிப் பிடித்தால், நீர் செவுள் வழியே ஓடி அதற்கு மூச்சு திரும்பும். அது தானாகவே கையைவிட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று: நீரின் வெப்பம் 20 பாகை செல்சியஸை நெருங்கும் நாளில் தூண்டிலையே எடுக்கலாகாது. ட்ரவுட் குளிர்நீர் மீன். நீர் சூடேறும்போது அதிலுள்ள பிராணவாயு குறைகிறது. அப்போது பிடித்து விடுவதும் கொல்வதற்குச் சமமாகிவிடும்.

இவ்வொழுங்குகள் வீண்போகவில்லை. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், அந்நாட்டுக்கே உரிய கட்துரோட் என்னும் ட்ரவுட் அருகியபோது, 1973இல் எல்லோஸ்டோன் ஆற்றில் அம்மீனைப் பிடித்தால் விட்டுவிட வேண்டும் என்று விதித்தனர். பின்னர் நடந்த ஆய்வில், ஒரே பருவத்தில் ஒரு மீன் சராசரியாக ஒன்பது தடவைக்குமேல் பிடிபட்டு விடப்பட்டதும், ஒவ்வொரு முறையும் இறந்தவை ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவே இருந்ததும் தெரியவந்தன.

இரக்கமா, விளையாட்டா?

ஒன்பது தடவை! இந்த எண்ணைக் கேட்டதும் இருவேறு உணர்ச்சிகள் எழுகின்றன. மீன் பிழைத்ததே என்று ஒரு மனம் மகிழ்கிறது. ஒன்பது தடவை அதன் வாயில் முள் ஏறியதே என்று இன்னொரு மனம் நோகிறது. வால்டனின் தவளை இங்கே நம் நினைவுக்கு வராமல் இராது.

ஜெர்மனியின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தக்க காரணமின்றி விலங்குக்குத் துன்பம் தரலாகாது என்கிறது. உண்பது தக்க காரணம்; விட்டுவிடும் எண்ணத்தோடே பிடிப்பது தக்க காரணமாகாது என்பது அங்கே பரவலாகக் கொள்ளப்படும் பொருள். சுவிட்சர்லாந்தும் விட்டுவிடும் நோக்கத்தோடு மீன்பிடிப்பதைத் தடை செய்துள்ளது. அமெரிக்காவில் புண்ணியமாகக் கருதப்படுவது அங்கே குற்றமாகிறது. ட்ரவுட் மீனின் தலைப்பகுதியில் நோவை உணர்த்தும் நரம்பு முனைகள் உண்டு என்று 2003இல் பிரிட்டானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மீன் அதை நம்மைப்போல் உணர்கிறதா என்பதில் அறிஞர்களிடையே வாதம் ஓயவில்லை. ஓயாத வரையில், ஐயத்தின் பயனை மீனுக்குக் கொடுப்பதே நேர்மை.

விட்டுவிடுவதே எப்போதும் அறம் என்றும் சொல்ல இயலாது. 1994இல் எல்லோஸ்டோன் ஏரியில், எவரோ கள்ளத்தனமாய்க் கொண்டுவந்து விட்ட ஏரி ட்ரவுட் என்னும் பெரிய மீன் இருப்பது தெரிந்தது. அது கட்துரோட் மீன்களைத் தின்று தீர்த்தது. கட்துரோட்டை விட்டுவிடச் சொல்லும் அதே பூங்கா, அந்த ஏரியில் பிடிபடும் ஏரி ட்ரவுட்டைக் கொன்றே ஆக வேண்டும் என்கிறது. நம் நீலகிரி ஓடைகளில் வாழும் ட்ரவுட்டும் வந்தேறியே. 1860களில் பிரான்சிஸ் டே என்னும் மீனியல் அறிஞர் அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். 1879இல் நீலகிரிக்கெனத் தனி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டமே பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் துணையோடு, பசிபிக் கடற்புறத்து ஆறுகளுக்குரிய வானவில் ட்ரவுட் நம் மலையில் நிலைபெற்றது. வெள்ளைத் துரைமாரின் விளையாட்டுக்காக வந்த மீனுக்குக் காட்டும் பரிவில், அந்த ஓடைகளின் சொந்தக் குடிகளான சிறு மீன்களையும் தவளைகளையும் மறந்துவிடலாகாது.

திருச்சபை இதில் என்ன சொல்கிறது? புனித தாமஸ் அக்குவினாஸ், விலங்கிடம் கொடுமை காட்டுபவன் மனிதனிடமும் கொடுமைக்குப் பழகிவிடுவான் என்று எச்சரித்தார். 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, உணவுக்காகவும் உடைக்காகவும் விலங்குகளைப் பயன்படுத்தலாம் என்று ஏற்கிறது; ஆனால் தேவையின்றி அவற்றைத் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கே முரண் என்கிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979இல் அசிசியாரைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பாதுகாவலராக அறிவித்தார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட சுற்றுமடல், பிற உயிர்கள் நம் பயனுக்காக மட்டும் இருப்பவை என்ற எண்ணத்தை மறுத்து, அவற்றுக்கு இறைவன் முன்னிலையில் தம் சொந்த மதிப்பு உண்டு என்று வலியுறுத்தியது. இணைச்சட்ட நூலில் ஒரு சிறு கட்டளை உண்டு: வழியிலே பறவைக் கூட்டைக் கண்டால், தாய்ப்பறவையைக் குஞ்சுகளோடு சேர்த்துப் பிடிக்கலாகாது, தாயைப் போகவிட வேண்டும். எடுப்பதற்கு உரிமை உண்டு. ஆனால் எல்லாவற்றையும் எடுக்க உரிமை இல்லை.

அசிசியாரும் மீன் உண்பதைப் பாவம் என்று சொல்லவில்லை. நற்செய்தியின்படி, முன்வைக்கப்படும் எவ்வுணவையும் சகோதரர்கள் உண்ணலாம் என்பது 1223இல் உறுதிசெய்யப்பட்ட அவருடைய சபை ஒழுங்கு. ஆகவே உண்பதற்காகக் கொல்பவன் குற்றவாளி அல்லன். அவனுக்கும் ஒரு கடமை உண்டு. மூச்சுத் திணறிக் கரையில் துடித்துச் சாகவிடாமல், உடனே அதன் துன்பத்தை முடிக்க வேண்டும். இதற்காக ஆங்கில நாட்டுத் தூண்டிற்காரர்கள் சிறிய கட்டை ஒன்றைப் பையில் வைத்திருப்பர். தலையில் ஒரே அடி, மீன் உணர்விழந்துவிடும். அந்தக் கட்டைக்கு அவர்கள் இட்ட பெயர் 'பிரீஸ்ட்', அதாவது குரு! மீனுக்கு இறுதிச் சடங்கைச் செய்வது அதுதானாம். அவஸ்தைப்பூசுதல் கொடுக்கச் சென்று பழகிய நமக்கு, இதைக் கேட்கும்போது சிரிப்பும் வருகிறது. சிரித்த பின் ஒரு கனமும் நெஞ்சில் ஏறுகிறது. சாகும் வேளையில் ஓர் உயிர் தனித்துத் துடிக்கலாகாது என்ற எண்ணத்தின் எங்கோ ஒரு துளி அந்தப் பெயரிலும் ஒட்டியிருக்கிறது.

எண்ணப்பட்ட மீன்கள்

தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அசிசியார் விட்டதும் இன்றைய தூண்டிற்காரர் விடுவதும் ஒன்றா? அசிசியார் பிடிக்கவில்லை, பிடிபட்டது அவர் கைக்கு வந்தது. அவர் அதனிடமிருந்து எதையும் பெறவில்லை. இன்றைய தூண்டிற்காரரோ தம் மகிழ்ச்சியைப் பெற்றுக்கொண்ட பிறகே விடுகிறார். அளவில் வேறுபாடு பெரிதே. ஆயினும் நனைந்த கையோடு, முள்ளை மெல்லக் கழற்றி, மூச்சு திரும்புமட்டும் நீரில் தாங்கிக் காத்திருக்கும் அந்த ஒரு நிமிடத்தில், அவர் தம்மை மறந்து மீனை நினைக்கிறார். அந்த நிமிடத்தில் அவர் அசிசியாரின் படகுக்கு மிக அருகில் வந்துவிடுகிறார். தூண்டிலை வீசுமுன்னரே, இன்று உண்பதற்கா, எத்தனை வேண்டும், இந்த நீர் அதைத் தாங்குமா என்று எண்ணிப் பார்ப்பாராயின் இன்னும் அருகில் வருவார். சில நாள்களில் தூண்டிலைச் சுருட்டி வைத்துவிட்டு ஆற்றை மட்டும் பார்த்துத் திரும்புவாராயின் படகிலேயே ஏறிவிட்டார் எனலாம்.

நம்மில் பெரும்பாலோர் ட்ரவுட் மீனைப் பார்த்ததும் இல்லை. பார்க்கப் போவதும் இல்லை. ஆயினும் நம் கைக்குள் வந்து அகப்படும் உயிர்கள் எத்தனை! வீட்டில் வேலை செய்யும் பெண், நமக்குக் கடன்பட்டவன், நம் சொல்லுக்கு அஞ்சும் பிள்ளை, கொட்டிலில் கட்டிய மாடு. விடுவதும் அழுத்துவதும் நம் கையில் இருக்கும்போதுதான் நம் கை எத்தகையது என்பது தெரிகிறது.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிச் சீடர்களுக்காகக் காத்திருந்தார். நெருப்பின்மேல் மீன் இருந்தது. அவர் மீனை மறுக்கவில்லை. சீடர்கள் இழுத்து வந்த வலையில் 153 பெரிய மீன்கள் இருந்தன என்று யோவான் எழுதுகிறார். இவ்வெண்ணுக்கு மறைநூல் அறிஞர்கள் பல விளக்கம் தந்துள்ளனர். நமக்கோ எளியதொரு உண்மை மட்டும் மனத்தில் நிற்கிறது: யாரோ ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணியிருக்கிறார். சிட்டுக்குருவி ஒன்றையும் மறவாத தந்தையின் முன்னிலையில், எண்ணாமல் எடுப்பதற்கு நமக்கு எதுவும் தரப்படவில்லை.